வாய்க்கரிசிக் குளவி

ஏழுமடைக்குளத்து மடைச்சாமி மேல் ஆணை. சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், பிள்ளையைப் போட்டுத் தாண்டச் சொன்னாலும் தாண்டுவேன், பக்கத்து ஊருக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், நான் செத்த அன்றைக்கு எனக்கு வாய்க்கரிசி போட ஒரு கைகூட நீளாமல் போகட்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம், தென்காசி பஸ் இன்னும் போகவில்லை.

மலைக்குக் கிழக்கே, வாழையும் நெல்லும் மாறி மாறி விளைகிற, பெண்களெல்லாம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிற அந்த ஊரில், பெரியவீட்டு உலகநாதர் செத்த அன்றுதான் அது முதலில் நடந்தது. நீர்மாலை எடுத்துவந்து, குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டை அவிழ்த்து, மகன் சங்குமுத்து முதல் பிடி அரிசியை வாயில் போட்டபோது, போட்ட அரிசியைக் காலால் ஒதுக்கிக்கொண்டு ஒரு குளவி வெளியே வந்தது. பொன்னிறம். உடம்பைவிட நீளமாகப் பின்னால் ஓர் ஊசி. அது பெரியவரின் கீழுதட்டில் உட்கார்ந்து, தலையில் ஒட்டியிருந்த உமியைத் துடைத்து, இறக்கையை வெயிலில் காயவைத்துக்கொண்டு, அவசரமில்லாத விருந்தாளி மாதிரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. யாரும் அலறவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தினார்கள், பிறகு விட்ட அடியிலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள். "பாத்தியளா, அய்யா போகும்போதும் வாளோடதான் போறாரு" என்றான் சங்குமுத்து. அவ்வளவுதான்; அது வாள் என்று முடிவாகிவிட்டது.

ஊர் என்பது பெரிய வயிறு; எதைப் போட்டாலும் கொஞ்ச காலம் புளியேப்பம் விட்டுவிட்டுச் செரித்துவிடும். அடுத்த சாவில் ஒரு பச்சைக் குளவி வந்தது, அதற்கடுத்ததில் புகைநிறத்தில் ஒன்று, பிறகு மறுபடி பொன், பிறகு இறக்கை மட்டும் கருநீலமான ஒன்று, இப்படி வரவர, இழவுக்குப் போகிறவர்கள் மாலையோடு கொசுவலைத் துண்டும் கொண்டுபோகப் பழகினார்கள், பந்தல்காரன் பெஞ்சோடு சேர்த்து மூடியில் துளை போட்ட கண்ணாடிப் புட்டியும் வாடகைக்குத் தந்தான், இழவு கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்களை வழிமறித்து "யாரு யாரு வந்தாக" என்று கேட்பது போய் "என்ன வந்தது" என்று கேட்பது வழக்கமாயிற்று. பிடித்த குளவிகளைக் கோவில் வாகன அறையில், மரக்குதிரைக்கும் மரக்காளைக்கும் காலடியில் வரிசையாக வைத்து, பூசாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். அவை சாகவில்லை. செத்தவர்களைவிட அவை திடமாக இருந்தன.

பொன் வந்த வீடுகள் நிலைப்படிக்கு மேல் வாள் வரைந்துகொண்டன. கோவில் கொடை விழாவில் முதல் திருநீறு அவர்களுக்கு, மடை திறந்தால் முதல் தண்ணீர் அவர்களுக்கு என்றாயிற்று. பச்சை வந்த வீட்டார் மூன்றாம் மடையில் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். அப்படியானால் பழைய சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அது தரையில் கிடந்தபடியே கிடந்தது, இது அதன் மேல் பரண் கட்டிக்கொண்டது. காலனியில் செத்துப்போன ஒரு கிழவியின் வாயிலிருந்தும் வாளோடு பொன் வந்தது என்று பேச்சு; அந்தப் புட்டி வாகன அறைக்கு வந்து சேரவேயில்லை.

அந்தக் காலத்தில் கோமு கல்யாணத்துக்கு நின்றாள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அத்தை மகன் தளவாய், வாழைத்தார் லாரி ஓட்டுகிறவன். தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்து, வெற்றிலைத் தட்டும் மாற்றியாகிவிட்டது. கோமுவின் அப்பா செத்தபோது பொன் வந்தது, அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் ஏணி போட்டு ஏறித் தன் கையாலேயே வாசலில் வாள் வரைந்தான். அந்த வருசத்திலேயே அத்தையும் போனாள். அத்தையின் வாயிலிருந்து பச்சை வந்தது, வாளில்லாமல், சிறிதாக. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் பொன், தங்கை பச்சை. அத்தை புருசன் இதெல்லாம் ஆரம்பிக்கும் முன்னாலேயே செத்துப்போனதால் அவருக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

"ஏளா, எங்கம்மைக்கு வந்தது கிளிக்குஞ்சு மாதிரி லெச்சணமாத்தான இருந்தது?" என்றான் தளவாய், வேலிக்கு அந்தப் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு. "நான் செத்தா ஒனக்குப் பிடிச்ச கலர்ல வரச் சொல்லுதேன். மயில்கழுத்து போதுமா?"

"வாயைக் கழுவும் அத்தான்" என்றாள் கோமு, சுற்றிக்கொண்டிருந்த பீடியின் முனையை மடக்கிக்கொண்டே. "முறை மாப்பிளைன்னு பாக்கேன், இல்லன்னா கத்திரிய எடுத்து எறிஞ்சிருவேன்." அதுவரைக்கும் அது சிரிக்கிற விசயமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் விவசாயக் கல்லூரியிலிருந்து டாக்டர் ஜெபசீலி வந்தார். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. புழுவுக்குள் முட்டை வைக்கிற குளவிகளில் ஒரே ஒரு பேரினத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் எத்தனை சிற்றினம் என்று மழைக்காடு மழைக்காடாக வலை கட்டித் தேடுவதே அந்த அம்மாளின் பிழைப்பு. இந்த மரத்தடியில் கிடைத்தது அந்த மரத்தடியில் கிடைக்காது என்பார், சொல்லும்போது கண் மின்னும். வாகன அறைக்குள் நுழைந்து புட்டிகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றியதை மறந்து வெறுங்காலோடு நாளெல்லாம் நின்றார். சாயங்காலம் மண்டபத்தில் ஊர் கூடியது.

"எல்லாம் ஒரே பேரினந்தான்" என்றார். "ஆனா எத்தனை வகை! இதுகளோட வழக்கம் என்ன தெரியுமா, உயிரோட இருக்கிற புழுவுக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ளயிருந்தே திங்கும். பக்குவமாத் திங்கும். முதல்ல கொழுப்பு, கடைசியிலதான் உசிர் இருக்கிற இடம். அதுவரைக்கும் புழு நடக்கும், இலை திங்கும், தோலுரிக்கும். தான் காலியாகிட்டு வர்றது அதுக்குத் தெரியாது."

மண்டபத்தில் ஆளாளுக்குத் தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கோமுவும் பார்த்தாள், ஒன்றும் நகரவில்லை.

"அது கிடக்கட்டும்" என்றான் சங்குமுத்து. "பொன்னும் பச்சையும் ஒண்ணா, வேறயா? அதைச் சொல்லுங்க."

"பார்வைக்கு வேற வேற சிற்றினம் மாதிரிதான் தெரியுது."

"வேறன்னா?"

"ஒண்ணோட ஒண்ணு கூடாது. கூடினாலும் வம்சம் விளங்காது."

வகுப்பில் சொல்வதைப் போலத்தான் சொன்னார், பாவம். ஆனால் ஏழுமடைக்குளத்தில் வம்சம் விளங்காது என்பது மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு சொல்கிற சொல். படித்த பெண்பிள்ளை ஒருத்தி, மண்டபத்தில், சாமிக்கு முன்னால் அதைச் சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சேது. மறுநாள் காலையில் ஆவுடையப்பன் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு தளவாய் வீட்டுக்குப் போய் வாசற்படியில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினான்.

"அண்ணே, அத்தை ஒன்னைய மடியில போட்டுச் சோறு ஊட்டினவ" என்றாள் கோமு.

"அத்தைதான், இல்லைங்கல. வேற சிற்றினமாப் போயிட்டா. நான் என்ன செய்ய? டாக்டரே சொல்லியாச்சு."

அதற்குப் பிறகு ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கையில் வாங்குமுன் "நீங்க எந்தச் சிற்றினம்?" என்று கேட்டார்கள். ஜெபசீலி பள்ளிக்கூடத்தில் ஓர் அறை வாங்கி, நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, பொன்னிலேயே கால் கறுத்த பொன், கால் வெளுத்த பொன், பச்சையிலேயே முதுகில் மயிருள்ள பச்சை, மயிரில்லாத பச்சை என்று பிரித்துக்கொண்டே போனார். அவர் ஒரு மயிரைக் கண்டுபிடித்தால் ஊரில் ஒரு கல்யாணம் நின்றது. பொன் வீட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுப்பதை நிறுத்தினார்கள். பந்தக்கால் ஊன்றுகிற வேலை பந்தல்காரனுக்குச் சாவுக்கு மட்டும்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சேர ஆளில்லை. ஆனாலும் எல்லாரும் நடந்தார்கள், தின்றார்கள், வயலுக்குப் போய் வந்தார்கள்.

கோமு ஒருநாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த அறைக்குப் போனாள்.

"அம்மா, பொன்னும் பச்சையும் ஒண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒங்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு அதுதான் எல்லாம்."

"நீ அழறேங்கிறதுக்காக ரெண்டை ஒண்ணாக்க முடியாதும்மா" என்றார் ஜெபசீலி. சொல்லிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. புட்டியை மாற்றினார், மறுபடி பார்த்தார், வாகன அறைக்கு ஆளனுப்பி மீதிப் புட்டிகளையும் வரவழைத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. "பச்சையில ஒரு பொட்டைகூட இல்ல" என்றார், தனக்கே சொல்கிற மாதிரி. "பொன்னுல ஒரு ஆண்கூட இல்ல."

"அப்படின்னா?"

"அப்படின்னா நான் ஒரு குடும்பத்தை ரெண்டு இனமா எழுதி வச்சிருக்கேன்."

ஊரைக் கூட்டிக் கண்ணெதிரே காட்டிவிடுவது என்று முடிவாயிற்று. நல்ல வெயிலில், மண்டபத்தின் நடுவில், ஒரே புட்டிக்குள் ஒரு பொன்னையும் ஒரு பச்சையையும் விட்டார் ஜெபசீலி. தளவாய் தூணில் சாய்ந்து நின்றான், கோமு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் புட்டியையே பார்த்தார்கள். பச்சை இறக்கையை அடித்து ஒரு மாதிரி ரீங்கரித்தது. பொன் அசையாமல் நின்றது. பிறகு பச்சை அதன் முதுகில் ஏறிக்கொண்டது, அதற்கு மேல் அங்கே நடந்ததை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் "சீச்சீ, பொம்பளையாளுகள வெளிய போகச் சொல்லுங்கடே" என்று துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள், மறைத்த துண்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

"பார்த்துட்டீங்களா?" என்றார் ஜெபசீலி. "ரெண்டும் ஒரே சிற்றினம். பச்சை ஆண், பொன் பெண். நான் முதல்ல சொன்னது தப்பு."

"எது பெண்ணு?" என்றான் சங்குமுத்து.

"பொன்."

"வாளு இருக்கே?"

"அது வாள் இல்லைங்க. முட்டை வைக்கிற குழாய்."

ஊர் அதை மெல்ல விழுங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சங்குமுத்து எழுந்து நின்றான். ஆறடி ஆள், காதில் கடுக்கன், மீசையில் எலுமிச்சை நிற்கும். "அப்ப எங்கய்யா வாயிலயிருந்து வந்தது," என்றான், குரல் உடைந்து, "பொட்டையா? எங்க வீட்டு வாசல்ல நான் எழுதி வச்சிருக்கது முட்டை போடுத குழாயா?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல், அத்தனை மாதத்து அழுகையும் திரும்பிக்கொண்ட மாதிரி, வாய்விட்டு, மண்டபம் எதிரொலிக்கச் சிரித்தாள். ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தான். சிரித்தவள் கோமு.

அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. புட்டியைக் கல்லில் அடித்து, இரண்டு குளவியையும் செருப்பால் தேய்த்தார்கள். பச்சை பொன்னைப் பலவந்தம் செய்தது, அதனால் அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. டாக்டரம்மா பச்சை வீட்டாரிடம் சாப்பிட்டு வந்தவள் என்றும் பேச்சு வந்தது. ஜெபசீலி ஜீப்பில் ஏறினபோது பின் கண்ணாடியில் கல் விழுந்தது. வாசல் வாள்களுக்கு எல்லாரும் புதிதாக வர்ணம் அடித்தார்கள், முன்னைவிட நீளமாக.

"நமக்குத் தெரியும்லா, அது போதும்" என்றான் தளவாய், வேலியோரம் கோமுவிடம். "வெள்ளிக்கிழமை தார் ஏத்திட்டு வாரேன். நீ சும்மா பீடிக்கடைக்குப் போற மாதிரி வந்து ஏறிக்கோ. தென்காசியில ரெஜிஸ்டர் ஆபீசுல எவனும் எந்தச் சிற்றினம்னு கேக்கமாட்டான்."

"கேட்டா?"

"மனுசச் சிற்றினம்னு சொல்லுவோம். சிரிக்காதளா, ஒஞ்சிரிப்பு ஊரையே எரிச்சிட்டு."

வேலிக்கும் காது இருந்திருக்கிறது; வியாழக்கிழமை காலையில் அவனை மூன்றாம் மடையில் கண்டெடுத்தார்கள். மடைப்பலகை கழுத்தின் மேல் இறங்கியிருந்தது. தண்ணீர் அவனைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. "வழுக்கிட்டான்" என்றான் சங்குமுத்து, எல்லாரும் ஆமாம் வழுக்கல்தான் என்றார்கள், பலகையை இறக்கினது யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. ஆவுடையப்பனின் வேட்டியில் முழங்கால் வரை சேறு இருந்தது. அவன் மனைவி அதை அலசிக் காயப்போட்டிருந்தாள்.

செத்தவன் அத்தை மகன் ஆயிற்றே, அண்ணனும் தங்கையும் போகாமல் முடியுமா. கோமு போனாள். ஆவுடையும் வந்து பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் துக்கமில்லை, பயமுமில்லை, வேறொன்று இருந்தது. மண்டபத்தில் டாக்டரம்மா சொன்னது ஒருவேளை நிசமோ என்று ராத்திரியெல்லாம் ஒரு புழு அவனைக் கடித்திருந்தது. தளவாய்க்குத் தாய் பச்சை. தகப்பன் யார் கண்டது? பொன் வந்தால், தன் அத்தை மகனை, தன் சொந்த இனத்தையே, பலகை வைத்து அமுக்கியதாகிவிடும். பச்சை வந்தால் நியாயம். ஆவுடைக்கு அன்றைக்குப் பச்சை வேண்டியிருந்தது. பச்சை வரட்டும், பச்சை வரட்டும் என்று உதடு அசைந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தார்கள்.

நாடிக்கட்டை அவிழ்த்தார்கள். பூசாரி புட்டியைத் திறந்து பிடித்தார், ஒருத்தன் கொசுவலையை விரித்தான். உறவுமுறை வரிசையில் ஒவ்வொருவராக அரிசி போட்டார்கள், ஒன்றும் வரவில்லை. கோமுவின் முறை வந்தது. அவள் குனிந்து, பிடி அரிசியை அவன் வாய்க்குள் விட்டபோது, விரல் நுனியில் சின்னச் சின்னக் கால்கள் ஏறுவதை உணர்ந்தாள். நனைந்த இறக்கை ஒன்று நகத்தில் பட்டது. ஊர் மொத்தமும் எட்டிப் பார்க்க முன்னால் சாய்ந்தது. ஆவுடை பந்தக்காலை விட்டுவிட்டு இரண்டடி எடுத்து வைத்தான்.

கோமு உள்ளங்கையால் தளவாயின் வாயை மூடினாள். விரலிடுக்கை மட்டும் விலக்கி, இன்னும் குனிந்து, தன் வாயை அவன் வாய் மேல் வைத்தாள்.

முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஆண்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பூசாரி வெட்கப்பட்டுப் புட்டியைக் கீழே போட்டார். எல்லாரும் மறுபடி திரும்பிப் பார்த்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. தொண்டை ஒருமுறை மேலும் கீழும் போயிற்று.

"என்னளா செஞ்ச?" என்றான் ஆவுடை.

அவள் உதட்டு அரிசியைப் புறங்கையால் துடைத்தாள்.

"எங்கன அது? என்ன நெறம்? ஏளா கோமு, என்ன நெறம்?"

அதையும் ஊர் செரித்துக்கொண்டது. வாகன அறையில் தளவாய் பேருக்கு ஒரு காலிப் புட்டி வைத்தார்கள். அதைப் பொன் வரிசையில் வைப்பதா பச்சை வரிசையில் வைப்பதா என்று சண்டை மூண்டு, இரண்டு மண்டை உடைந்து, கடைசியில் அந்தப் புட்டியில் பூசாரி விளக்கெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டார். கோமு கல்யாணம் கட்டவில்லை. கட்டுவதற்கும் யாருமில்லை, அந்த ஊரில் இப்போது யாரும் யாரையும் கட்டுவதில்லை. அண்ணன் வீட்டைவிட்டு வந்து, தளவாய் வீட்டு முற்றத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள்.

ஆவுடையப்பன் காலையில் வயலுக்குப் போகும்போது அந்த முற்றத்தில் நிற்பான், வயலிலிருந்து திரும்பும்போதும் நிற்பான். முதலில் மிரட்டினான். பிறகு அத்தை பேரைச் சொல்லிக் கெஞ்சினான். பிறகு ஒரு கோடைக்கு வாசல் வாளைச் சுரண்டி அழித்தான், அடுத்த கோடைக்குத் திரும்ப வரைந்தான். நடக்கிறான், தின்கிறான், வெயிலில் தோலுரிகிறான். ஆனால் சட்டைக்குள் ஆள் குறைந்துகொண்டே வருகிறான், தொட்டால் கூடு மாதிரி சத்தம் வருகிறது என்கிறார்கள்.

"பேச வேண்டாம்மா" என்பான். "பொன்னுன்னா ஒரு பீடியைக் கீழ போடு. பச்சைன்னா சும்மா இரு. அதுவும் மாட்டியா? நான் யாரைக் கொன்னேன்னு மட்டும் சொல்லிரு."

கோமு இலையை வெட்டுவாள், தூளை வைப்பாள், சுருட்டி நூலைக் கட்டுவாள். சில நாள், மனம் இருந்தால், தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்து வாயை மட்டும் திறப்பாள். உள்ளேயிருந்து ரீங்காரம் கேட்கும், தெளிவாக, உயிரோடு. அவன் முழங்காலில் விழுந்து, தலையைச் சாய்த்து, உள்ளே கண்ணை விட்டுப் பார்ப்பான். இருட்டாக இருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு அடுத்த இலையை எடுப்பாள்.

அன்றைக்குப் பந்தலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒரே ஒரு ஆள் உண்டு. கிழட்டுக் கண்தான், ஆனாலும் அவள் விரலிடுக்கில் மின்னியது என்ன நிறம் என்று பார்த்துவிட்டது. அந்த நிறத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. கதையை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் சந்தையில் எவனோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது, முகம் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்; ஆவுடை இன்னும் அரிவாளைத் தீட்டித்தான் வைத்திருக்கிறான், விசாரிக்க வேண்டிய ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.